நாம் வாழும் நாடு: தப்பி வந்த மீன்

சென்ற மாதம் இப்பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நோர்வேக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு தகப்பன். மேற்குக் கரையில், ஒரு பியோர்ட்டின் ஓரத்திலுள்ள சிறிய ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். மீன் தொழிற்சாலையில் வேலை. மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். கடிதத்தின் முக்கியமான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூட்டிலிருந்து தப்பி வந்த லக்ஸ் மீன்கள் ஆற்று மீன்களோடு கலந்து அவற்றின் பரம்பரையைக் கெடுக்கின்றன, அவற்றைப் பிடித்து வெளியே எடுக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். அன்றிரவு சாப்பிடும்போது பெடியன் கேட்டான்: 'அப்பா, நாங்களும் தப்பி வந்த ஆக்கள் எண்டுதானே சொல்லுறனீங்கள்? அப்ப எங்களையும் பிடிப்பினமோ?' எனக்குப் பதில் வரவில்லை. அவன் அம்மாவுக்கும் வரவில்லை. இந்த மீன் விசயம் என்ன என்று எழுதினால் நல்லது."

இந்தக் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். பிள்ளையின் கேள்விக்குச் சும்மா தலையைத் தடவி, "அப்படியெல்லாம் இல்லையடா" என்று சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைகள் அப்படிப்பட்ட பதிலோடு நித்திரைக்குப் போவதில்லை. ஆகவே முதலில் மீனின் கதையை முழுமையாகப் பார்ப்போம். பெடியனுக்கான பதிலை அதன் முடிவில் தேடுவோம்.

மீனும் நாங்களும்

எமக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவே மீனால் வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 1956இல் இங்கு வந்து சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்கள்தான் நோர்வேயின் முதல் ஈழத்தமிழர் என்று அறியப்படுகிறார். அவர் நோர்வே மக்களின் உதவியோடு 1967இல் தொடக்கிவைத்ததே சீநோர் திட்டம். குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் இடமும் அதனால் வந்தவை. பின்னர் 1980களில் எம்மவர் பலர் வட கோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்தின் மீன் தொழிற்சாலைகளில் நின்று, விறைத்த கையோடு மீன் வெட்டி, அந்தக் காசில் ஊரில் தங்கைமாரைக் கரைசேர்த்தார்கள். இன்றைக்கும் கரையோர ஊர்களில் லக்ஸ் வெட்டும் தொழிற்சாலைகளில் எம்மவர் வேலை செய்கிறார்கள்.

லக்ஸ் என்று இங்கே சொல்வது சல்மன் மீனைத்தான். ஊரில் சங்கக்கடையில் 'சமன் ரின்' என்று வாங்கினோமே, அதற்குள் பெரும்பாலும் இருந்தது சல்மனே அல்ல, வேறு மீன். உண்மையான சல்மனைப் பலரும் முதன்முதலாகக் கண்டது இங்கு வந்த பிறகுதான். கண்டதும் வளர்ப்பு மீனைத்தான். கடையில் பனிக்கட்டிக்கு மேல் செம்மஞ்சள் நிறத்தில் கிடப்பது ஏறக்குறைய எல்லாமே வலைக்கூட்டில் வளர்ந்தது. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய்த் திரும்பிவரும் மீன் வேறு. இரண்டும் ஒரே இனம். ஆனால் வாழ்க்கை வேறு.

ஆறு தெரிந்த மீன்

ஆற்று லக்ஸ் குளிர்காலம் தொடங்கும் முன், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், ஆற்றின் பரற்கற்களுக்குள் முட்டை இடும். தாய் மீன் வாலால் அடித்துக் குழி தோண்டும். ஆண் மீன்கள் ஒன்றோடொன்று சண்டை பிடித்து அருகில் இடம் பிடிக்கும். முட்டைகள் பனிக்கு அடியில் கிடந்து இளவேனிலில் பொரிக்கும். குஞ்சுகள் அந்த ஆற்றிலேயே இரண்டு முதல் ஐந்து வருடம் வரை, பூச்சி புழுக்களைத் தின்று, பெரிய மீனுக்கும் பறவைக்கும் தப்பி வளரும். பிறகு ஒரு வசந்த காலத்தில் உடம்பு வெள்ளி நிறமாகி, நன்னீர் மீன் கடல் மீனாக மாறி, கடலுக்கு இறங்கும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத மீன் நோர்வேக் கடலுக்கும், சில கிறீன்லாந்துப் பக்கத்துக்கும் போகும். ஒன்று முதல் மூன்று வருடம் அங்கே தின்று கொழுத்து, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவரும். ஆற்றுக்கு அருகே வந்ததும் அந்தத் தண்ணீரின் மணம் அதற்கு வழி காட்டும்.

அந்தந்த ஆற்று மீன் அந்தந்த ஆற்றிலேயே சோடி சேர்வதால், ஆயிரக்கணக்கான வருடங்களில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒவ்வொரு வகை மீன் உருவாகிவிட்டது. ஓர் ஆறு குளிர்ந்தது, இன்னொன்று சூடானது. ஒன்றில் பெரிய நீர்வீழ்ச்சி உண்டு, இன்னொன்று ஆழமில்லாதது. எந்த மாதத்தில் கடலுக்கு இறங்குவது, எத்தனை வருடம் கடலில் இருப்பது, எவ்வளவு பெரிதாக வளர்வது என்ற கணக்கெல்லாம் அந்த மீன்களின் பரம்பரை அலகுகளில் எழுதப்பட்டிருக்கிறது. நோர்வேயில் லக்ஸ் வாழும் ஆறுகள் 400க்கு மேல். அப்படியானால் 400க்கு மேற்பட்ட ஊர்க்கணக்குகள் இருக்கின்றன.

விவசாயம் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். யாழ்ப்பாணத்தில் மழையை நம்பி விதைத்த மொட்டைக்கறுப்பன் நெல்லை நினைத்துப் பாருங்கள். அந்த மண்ணையும் அந்த மழையையும் அது அறிந்து வைத்திருந்தது. வாய்க்கால் தண்ணீரையும் பசளையையும் நம்பி உருவாக்கிய புது நெல்லை அதே வயலில் விதைத்தால், மழை பிந்தும் வருடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புது நெல் கூடாத நெல் என்பதல்ல. அது வேறு வயலுக்கென்று உருவாக்கிய நெல்.

கூட்டில் உருவான மீன்

1970இல் ட்ரொண்ட்ஹைமுக்கு மேற்கே உள்ள ஹித்ரா என்ற தீவில், குரொன்ற்வெட் சகோதரர்கள் 20,000 லக்ஸ் குஞ்சுகளை மிதக்கும் வலைக்கூட்டில் விட்டு வளர்த்தார்கள். அந்த முயற்சி வெற்றி பெற்றது. கரையோரமெங்கும் கூடுகள் பரவின.

1971இல் சுண்டால்சோரா என்ற இடத்தில் இன்னொரு வேலை தொடங்கியது. ஹரால்ட் ஷெர்வோல், திரிக்வே யெட்ரெம் என்ற இரு விஞ்ஞானிகள், ஏறத்தாழ 40 ஆறுகளிலிருந்து லக்ஸ் முட்டைகளைச் சேகரித்து, மாடுகளில் செய்வது போலத் தெரிவுசெய்து இனம் பெருக்கத் தொடங்கினார்கள். எந்தக் குடும்பத்து மீன் வேகமாக வளர்கிறதோ, அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த தலைமுறை. பின்னர் பிந்திப் பருவமடைதல், நோய் எதிர்ப்பு, தசையின் நிறம், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். லக்ஸுக்கு ஒரு தலைமுறை என்பது அங்கே ஏறத்தாழ நான்கு வருடம். இன்றைக்குப் பத்துத் தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது வளர்ப்பு மீன் அதே தீவனத்தில், அதே தொட்டியில், ஆற்று மீனைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது.

ஊர்க்கோழிக்கும் பாம் கோழிக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாம் கோழி ஆறு கிழமையில் சட்டிக்கு வந்துவிடும். ஆனால் அதைக் கொண்டுபோய் வளவில் விட்டால் கீரியையும் பருந்தையும் கண்டு ஓடத் தெரியாது. வளர்ப்பு லக்ஸும் அப்படித்தான். நேரத்துக்குத் தீவனம் மேலிருந்து விழும். எதிரி இல்லை. ஆகவே எச்சரிக்கையாக இருந்த மீனுக்குக் கூட்டில் எந்த இலாபமும் இல்லை. பயமில்லாமல் முந்திக்கொண்டு தின்றதுதான் கொழுத்தது. பரிசோதனைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்: வளர்ப்பு மீனின் குஞ்சுகள், எதிரி வந்து போனபின் ஒளித்திருந்த இடத்தை விட்டு ஆற்று மீனின் குஞ்சுகளைவிட முந்தி வெளியே வருகின்றன.

கூடு கிழிந்தால்

வலைக்கூடு என்பது கடலில் தொங்கும் ஒரு பெரிய வலைதான். புயலில் கயிறு அறுகிறது. வலையின் அடியில் கட்டிய பாரம் உராய்ந்து ஓட்டை விழுகிறது. பேன் நீக்குவதற்கு மீனை இறைக்கும்போது ஒரு குழாய் கழன்றுவிடுகிறது. படகின் விசிறி வலையில் பட்டுவிடுகிறது. இத்தனைக்கும் ஒரு நிமிடம் போதும்.

2006இல் மட்டும் நோர்வேயில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட லக்ஸ் தப்பியதாகக் கணக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு கூடுகளுக்கான விதிகள் இறுக்கப்பட்டு, கணக்கில் வரும் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 2005க்கும் 2011க்கும் இடையில் உண்மையில் தப்பியவை, அறிவிக்கப்பட்டதைவிட இரண்டு முதல் நான்கு மடங்காக இருக்கும் என்று பேர்கனிலுள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். 2025 பெப்ரவரியில் வடக்கே ட்ரொம்ஸ் மாவட்டத்தில் புயலில் ஒரு கூடு பழுதடைந்து ஏறத்தாழ 27,000 மீன் தப்பியபோது, தப்பிய மீனைப் பிடித்துத் தருபவருக்கு ஒரு மீனுக்கு 500 குரோணர் தருவதாகக் கம்பனியே அறிவித்தது. ஒரு மீனுக்கு 500 குரோணர் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்றால், விசயம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எந்த நேரமும் நோர்வேயின் கூடுகளில் ஏறத்தாழ 40 கோடி லக்ஸ் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு வருடத்தில் ஆறுகளுக்குத் திரும்பும் ஆற்று லக்ஸ் ஐந்து இலட்சமோ, அதற்கும் குறைவோ. கூட்டு மீனில் ஆயிரத்துக்கு ஒன்று தப்பினாலும் அது நான்கு இலட்சம். தப்பியவற்றில் பெரும்பகுதி கடலிலேயே செத்துப்போகும். ஆனால் எஞ்சியவை பருவமடைந்ததும் ஏதோ ஓர் ஆற்றில் ஏறும். அவற்றுக்கென்று பிறந்த ஆறு இல்லை. ஆகவே எந்த ஆறும் சரிதான்.

ஆற்றுக்குள் நடப்பது

வந்த மீன் ஆற்றில் என்ன செய்கிறது என்பதை இரண்டு நாடுகளில் கவனமாக அளந்து பார்த்தார்கள். தென்மேற்கு நோர்வேயில் ஸ்தவாங்கருக்குக் கிட்ட உள்ள இம்சா ஆற்றில், வளர்ப்பு மீனையும் ஆற்று மீனையும் ஒன்றாக விட்டுப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. முட்டையிடுவதிலிருந்து பிள்ளைகள் கடலுக்குப் போய்த் திரும்புவதுவரை பார்த்தால், வளர்ப்பு மீனின் வெற்றி ஆற்று மீனின் வெற்றியில் 16 வீதம் மட்டுமே. வளர்ப்பு ஆண் மீன்கள் சண்டையில் தோற்றன. வளர்ப்புப் பெண் மீன்களோடு ஆற்று ஆண்கள் சேர்ந்ததால்தான் கலப்பு நடந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பரிஷூல் என்ற ஆற்றில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2003இல் வந்தது. அங்கே வளர்ப்பு மீனின் வாழ்நாள் வெற்றி ஆற்று மீனின் வெற்றியில் வெறும் 2 வீதம். கலப்புக் குஞ்சுகள் இரண்டுக்கும் இடையில் நின்றன.

"அப்படியானால் பிரச்சினை என்ன? பலவீனமான மீன் தானாகவே செத்துப்போகுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாகும் முன் அது இடம் பிடிக்கிறது. வளர்ப்பு மீனின் குஞ்சும் கலப்புக் குஞ்சும் வேகமாக வளர்வதால், ஆற்றுக் குஞ்சுகளை நல்ல இடத்திலிருந்தும் தீனியிலிருந்தும் தள்ளிவிடும். பிறகு கடலுக்குப் போய் அவையும் திரும்பி வருவதில்லை. இம்சாவில் ஆற்று மீனின் உற்பத்தி 30 வீதத்துக்கு மேல் குறைந்தது இதனால்தான். வந்தவனும் வாழவில்லை, இருந்தவனையும் வாழவிடவில்லை.

இது ஒரு வருடம் நடந்தால் ஆறு தாங்கிக்கொள்ளும். வருடாவருடம் நடந்தால் என்னவாகும்? உயிர் தப்பும் சில கலப்பு மீன்கள் ஆற்று மீனோடு மீண்டும் சேரும். கூட்டுக்கென்று தெரிவுசெய்த பரம்பரை அலகுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக் கணக்குக்குள் புகுந்துவிடும். கலப்புள்ள மீன்கள் வேறு வயதில் கடலுக்கு இறங்குகின்றன, வேறு வயதிலும் பருமனிலும் திரும்புகின்றன என்று நோர்வேயின் இயற்கை ஆராய்ச்சி நிறுவனமான நீனாவின் விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடத்தில் எழுதிய கணக்கு, சில பத்து வருடத்தில் அழிந்து எழுதப்படுகிறது.

பேர்கனுக்கு உள்ளே வொஸ் என்ற ஊர் வழியாக ஓடும் வொஸ்ஸோ ஆறு, சராசரி பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட லக்ஸுக்குப் பேர்போனது. 1980களின் இறுதியில் அந்த மீன் வரத்துச் சரிந்துவிட்டது. 1990களின் நடுப்பகுதியில் அங்கே முட்டைக் குழிகளைத் தோண்டி, தீவனத்தில் கலக்கும் நிறப்பொருளை வைத்து முட்டைகளைச் சோதித்தபோது, பெரும்பகுதி தப்பி வந்த வளர்ப்புத் தாய்களின் முட்டைகளாக இருந்தன. நல்ல காலமாக, ஆற்றின் பழைய மீன்களின் சந்ததியை அதற்கு முன்னரே ஓர் உயிர் மரபு வங்கியில் எடுத்துவைத்திருந்தார்கள். பிறகு அந்த வங்கியிலிருந்த முட்டைகளைக் கொண்டே ஆற்றை மீண்டும் கட்டியெழுப்பும் வேலை நடந்தது. விதைநெல்லை அடுப்புக்குப் போடாமல் வைத்திருந்த வீடு போல.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதில் எனக்குப் பிடித்த பகுதி செதிள்தான். மரத்தில் வருட வளையம் இருப்பதுபோல லக்ஸின் செதிளிலும் வளையங்கள் உண்டு. ஆற்று மீன் குளிர்காலத்தில் மெதுவாகவும் கோடையில் வேகமாகவும் வளர்வதால் வளையங்கள் நெருங்கியும் விலகியும் இருக்கும். கூட்டு மீன் வருடம் முழுதும் தின்பதால் வளையங்கள் ஒரே சீராக இருக்கும். இங்கே மீன்பிடிகாரர் பல பத்து வருடமாகத் தாம் பிடித்த மீனின் செதிளைச் சிறிய கடித உறையில் போட்டு, நாளும் நிறையும் எழுதி அனுப்பிவந்திருக்கிறார்கள். 1970களில் யாரோ அனுப்பிய காய்ந்த செதிளிலிருந்து இன்றைக்கு டி.என்.ஏ. எடுத்து, கலப்புக்கு முன் அந்த ஆற்று மீன் எப்படி இருந்தது என்று பார்க்க முடிகிறது. சில ஆறுகளில் பெரிய மாற்றம், சிலவற்றில் ஒன்றுமேயில்லை.

2016இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் நோர்வேயின் 147 ஆறுகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ அரைவாசி ஆறுகளில் வளர்ப்பு மீனின் கலப்புத் தெளிவாகத் தெரிந்தது. சராசரி 6.4 வீதம், மிக மோசமான ஆற்றில் 42 வீதம். பின்னர் இருநூறுக்கு மேற்பட்ட ஆறுகளைப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு ஆறுகளில் மாற்றம் காணப்பட்டது. இது நோர்வேயின் கதை மட்டுமல்ல. கனடாவில் இருக்கும் உறவினருக்கும் இது பொருந்தும். நியூபவுண்லாந்தில் 2013இல் ஏறத்தாழ 20,000 மீன் ஒரே தடவையில் தப்பிய பிறகு, அருகிலுள்ள 18 ஆறுகளைப் பார்த்ததில் 17இல் கலப்புக் குஞ்சுகள் இருந்தன. ஐஸ்லாந்தில் 2023இல் ஏறத்தாழ 3,500 மீன் தப்பியபோது, நோர்வேயிலிருந்து சுழியோடிகள் போய், ஆறுகளில் இறங்கித் தப்பிய மீன்களைக் குத்திப் பிடித்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆற்று லக்ஸ் குறைவதற்குத் தப்பிய மீன் மட்டும் காரணம் அல்ல. கூடுகளில் பெருகும் கடற்பேன், அணைகள், நோய்கள், கடல் சூடாவது எல்லாம் சேர்ந்தே அதைக் குறைத்தன. 2021இல் ஆற்று லக்ஸ் நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டது. 2024 யூன் மாதம், மீன் வரத்து மிகக் குறைந்ததால், 33 ஆறுகளில் மீன்பிடி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உங்கள் நோர்வே அயலவர் அந்தக் கோடையில் முகம் வாடியிருந்தால் காரணம் அதுதான். பாட்டன் காலத்திலிருந்து போன ஆற்றங்கரைக்கு அவரால் போக முடியவில்லை.

நாம் செய்யக்கூடியது

எமது பலருடைய அடுப்பு எரிவது இந்த லக்ஸால்தான். ஏற்றுமதியில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அடுத்த வரிசையில் நிற்கும் பெரிய தொழில் இது. ஆகவே கூடுகளைத் திட்டி எழுதுவது எனது நோக்கமல்ல. ஆனால் இத்தொழிலில் கை வைத்திருப்பவர்கள் சிலதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கூட்டில் வேலை செய்பவர் வலையில் ஓட்டையைக் கண்டாலோ, மீன் தப்பியதாகச் சந்தேகம் வந்தாலோ உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும். மீன்பிடித் திணைக்களத்துக்கு உடனடியாக அறிவிப்பது கம்பனியின் சட்டக் கடமை. சந்தேகம் மட்டும் இருந்தாலும் அறிவிக்கவேண்டும். "எனக்கேன் வம்பு, புதிதாக வந்தவன், வேலை போய்விடும்" என்ற பயம் எம்மவரிடம் உண்டு. நானும் வந்த புதிதில் அப்படி வாய்மூடி நின்றவன்தான். ஆனால் இந்நாட்டில் பிழையைச் சொன்னவனைவிட, கண்டும் சொல்லாதவனுக்கே பெயர் கெடும்.

ஆற்றில் தூண்டில் போட விரும்புபவர்கள் அரசாங்கக் கட்டணத்தைக் கட்டி, அந்த ஆற்றுக்குரிய மீன்பிடி அட்டையையும் வாங்கவேண்டும். ஊரில் கடலில் இறங்கியதுபோல இங்கே லக்ஸ் ஆற்றில் இறங்கமுடியாது. பிடித்த மீனை நன்றாகப் பாருங்கள். செட்டைகள் தேய்ந்து, வளைந்து, பூமூடி குறுகி, உடம்பு உருண்டு, கறுப்புப் புள்ளி கூடுதலாக இருந்தால் அது தப்பி வந்ததாக இருக்கலாம். ஆற்று மீனைத் திரும்ப விட்டு, வளர்ப்பு மீனை மட்டும் எடுக்கும் விதி பல ஆறுகளில் உண்டு. செதிள் உறை கிடைத்தால் நிரப்பி அனுப்புங்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். நாம் இந்நாட்டுக்கு விட்டுச்செல்லும் சிறு குறிப்பாக அது இருக்கட்டும்.

பெடியனுக்கு

இனித் தகப்பனுக்கும் மகனுக்கும்.

தம்பி, நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டாய். தப்பி வந்த லக்ஸ் வெளிநாட்டு மீன் அல்ல. அதன் பூட்டன் பூட்டி எல்லாம் நோர்வே ஆறுகளிலேயே பிறந்தவர்கள். ஆகவே அது எங்கிருந்து வந்தது என்பது பிரச்சினையே அல்ல. ஒரே ஒரு காரணத்துக்காக, சட்டிக்கு விரைவாக வருவதற்காக, பத்துத் தலைமுறைக்கு மேல் யாரோ அதற்குச் சோடி பார்த்துக் கொடுத்தார்கள். ஆற்றில் வாழ்வதற்கு வேண்டியதை யாரும் பார்க்கவில்லை. மனிதரை யாரும் அப்படி வளர்க்கவில்லை. உன் அப்பம்மாவையும் அப்பப்பாவையும் எவரும் கூட்டில் வைத்துத் தெரிவுசெய்யவில்லை. உனக்கும் உன் வகுப்பிலிருக்கும் நோர்வேப் பிள்ளைக்கும் இடையில், கூட்டு மீனுக்கும் ஆற்று மீனுக்கும் இருப்பதுபோன்ற இடைவெளி இல்லை.

இன்னொன்றும் கேள். ஆற்று லக்ஸ் எல்லாம் சொந்த ஆற்றுக்கே திரும்புவதில்லை. சில மீன்கள் வழி தவறி வேறு ஆற்றுக்குப் போய் அங்கேயே குடியேறிவிடும். அதனால் அந்த ஆறு கெடுவதில்லை. சின்ன ஆறுகளுக்கு அது புது இரத்தம். வெறுமையாகிப்போன ஆறுகள் மீண்டும் நிரம்புவதும் அப்படித்தான். பனிக்காலம் முடிந்து ஆறுகள் திறந்தபோது இந்நாட்டு ஆறுகளுக்கெல்லாம் முதல் லக்ஸ் எங்கிருந்தோ வந்ததுதான்.

மீனால் ஆற்றைப் படிக்க முடியாது. பிறக்கும்போது கொண்டுவந்த கணக்கோடுதான் வாழவேண்டும். நீ ஒரு வருடத்தில் இரண்டாம் மொழி படித்துவிட்டாய். அப்பாவைவிட நன்றாகப் பேசுகிறாய் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தப்பிய மீனின் மேலும் கோபப்படாதே. வலையைக் கிழியவிட்டது மீனல்ல. அடுத்த தடவை வகுப்போடு ஆற்றங்கரைக்குப் போகும்போது, செதிள் உறையில் என்ன எழுதவேண்டும் என்று ஆசிரியரிடம் கேள். வகுப்பிலேயே முதலில் கையுயர்த்துகிறவன் நீயாக இருப்பாய்.

தகப்பனுக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் தப்பி வந்தனாங்கள்" என்று வீட்டில் சொல்வதை நிறுத்தவேண்டாம். அது உண்மை, பிள்ளைக்குத் தெரியவேண்டியது. ஆனால் எதிலிருந்து தப்பி வந்தோம், ஏன் வந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி மட்டும் சொன்னால் மீதியைப் பிள்ளை தானே நிரப்பிக்கொள்ளும். அன்றிரவு உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் வீட்டு மின்சாரக் கட்டணத்தைக் குறைப்பது பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதை எழுதுகிறேன். கேள்விகளை வழமைபோல ஆசிரியர் குழுவின் முகவரிக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் கேள்விகளை முதலில் அனுப்புங்கள்.

– கரையோரன்